சேர்ந்தவர் கணக்கு சரி, முடித்தவர் கணக்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொலைநிலைக் கல்வி பற்றிச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கட்டடம் வேண்டாம், விடுதி வேண்டாம், பாடத்தை ஒருமுறை எழுதி அச்சடித்துவிட்டால் ஆயிரம் பேருக்கும் அதுதான், லட்சம் பேருக்கும் அதுதான். வளரும் நாடுகள் உயர்கல்வி கொடுக்க இதைவிட மலிவான வழி இல்லை என்று எழுதியிருந்தார்கள். மலிவு என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. யாருக்கு மலிவு என்பதைத்தான் கட்டுரை தொடவே இல்லை. அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகவே இருக்கும். இடமில்லை என்று வெட்டுவதாக இருந்தால் பாராட்டை வெட்டுங்கள், கணக்கை வெட்டாதீர்கள்.

நான் கோவில்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பங்களும் போட்டுக் கொடுப்பேன். ஜூலையும் ஜனவரியும் வந்தால் 'கரஸ்ல சேரணும்க்கா' என்று, அதாவது அஞ்சல் வழிப் படிப்பில் சேர, வருபவர்கள் கடையை நிறைத்துவிடுவார்கள். நானே கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அஞ்சல் வழியில் பி.காம். முடித்தவள்தான். பழுப்புக் காகிதத்தில் கட்டிய பாடப் பொட்டலத்தைத் தபால்காரர் கொண்டுவந்து போட்டதும், 'இதை எப்போ படிக்கப் போற?' என்று என் மாமியார் கேட்டதும் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. குழந்தை தூங்கும்போது படித்தேன். அந்தப் பட்டம் இருந்ததால்தான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது; அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத்தான் கடை போட்டேன். ஆகவே இந்தப் படிப்பை மட்டமாகப் பேசுபவர்களோடு எனக்குச் சேர்க்கை இல்லை.

முதலில் நன்மையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது பெரிய நன்மை. என் கடைக்கு வருபவர்கள் யார்? எஸ்.ஐ. தேர்வு எழுத டிகிரி வேண்டும் என்பதற்காக வரும் கான்ஸ்டபிள். குரூப் டூ எழுத நினைக்கும் சத்துணவு அமைப்பாளர். பிளஸ் டூ முடித்த கையோடு தீப்பெட்டி ஆபீசுக்குப் போன பெண், பத்து வருடம் கழித்து. நைட் ஷிப்ட் முடித்துக் கண் சிவக்க வரும் மில் தொழிலாளி. கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போடுவதற்காகவே ஒரு பி.ஏ. கேட்டு வந்த பையனும் உண்டு. அவனைக் குறை சொல்ல மாட்டேன், பெண் வீட்டில் கேட்கிறார்கள். இவர்களில் ஒருவரால்கூட காலை பத்து மணிக்கு ஒரு கல்லூரி வகுப்பில் போய் உட்கார முடியாது. இந்தப் படிப்பு இல்லையென்றால் இவர்களுக்கு எந்தப் படிப்பும் இல்லை.

நாடு முழுக்கப் பார்த்தாலும் இதே கதைதான். மத்திய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2020-21-ல் கல்லூரி, பல்கலைக்கழகங்களில் படித்த சுமார் 4 கோடியே 13 லட்சம் பேரில் தொலைநிலையில் படித்தவர்கள் 45 லட்சத்துக்கு மேல். ஒன்பது பேருக்கு ஒருவர். அதில் ஏறக்குறைய 21 லட்சம் பேர் பெண்கள். 1962-ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது இது. மதுரையில் 1971-ல் வந்தது, சென்னையில் 1981-ல். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-ல், நம் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-ல். பாகிஸ்தான் 1974-லும் தாய்லாந்து 1978-லும் இலங்கை 1980-லும் இதே வழிக்கு வந்துவிட்டன. காசு குறைவு, படிக்க வேண்டியவர்கள் அதிகம் என்ற நிலையில் இருந்த நாடுகளெல்லாம் இதைத்தான் செய்தன. தென்னாப்பிரிக்காவில் மண்டேலா சிறையில் இருந்தபடியே 1989-ல் சட்டப் படிப்பை முடித்ததும் அஞ்சல் வழியில்தான்.

சரி, செலவுக்கு வருகிறேன்.

விளம்பரத்தில் போடும் கட்டணம் உண்மையிலேயே குறைவுதான். அரசுப் பல்கலைக்கழகங்களில் பி.ஏ., பி.காம். எல்லாம் வருடத்துக்குச் சில ஆயிரம். ஆனால் அந்தச் சில ஆயிரம் மொத்தச் செலவில் பாதிகூட வராது. என் கடையில் பிரிண்டுக்காகக் காத்திருந்த ஒரு மில் தொழிலாளியிடம் கால்குலேட்டரைக் கொடுத்து, போன வருடச் செலவைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். நேர்முக வகுப்புக்கும் பரீட்சைக்கும் போய் விட்ட கூலி, பஸ், சாப்பாடு, தேர்வுக் கட்டணம், பழைய வினாத்தாள் ஜெராக்ஸ் (அது எனக்கு வந்த காசு, ஒத்துக்கொள்கிறேன்). கூட்டி வந்தது சேர்க்கைக் கட்டணத்தைத் தாண்டிவிட்டது. அவர் கால்குலேட்டரை இரண்டு தரம் தட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

வருடத்துக்கு ஒரு பரீட்சை என்று இருந்தது போய், இப்போது பல இடங்களில் செமஸ்டர் முறை வந்துவிட்டது. கல்லூரிப் பிள்ளைக்கு அதனால் நஷ்டமில்லை, வகுப்பு நடந்த அதே கட்டடத்தில் பரீட்சை. எங்கள் ஆட்களுக்கு ஒரு அலைச்சல் இரண்டு அலைச்சலாகிவிட்டது. இங்கிருந்து திருநெல்வேலி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல், மதுரை கிட்டத்தட்ட நூறு. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் டவுன் பஸ்ஸோடு நின்றுவிடுகிறது. மாணவர் பஸ் பாஸும் இவர்களுக்குக் கிடையாது.

பாஸ் என்றதும் இன்னொன்று. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்துக் கல்லூரியில் சேரும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. 2022 முதல் கொடுக்கிறார்கள், நல்ல திட்டம். அதே பெஞ்சில் உட்கார்ந்து படித்த இன்னொரு பெண், அப்பா படுத்துவிட்டதால் மில்லுக்குப் போய்க்கொண்டே கரஸில் சேர்ந்தால் அந்த ஆயிரம் இல்லை. தொலைநிலைக் கல்விக்குத் திட்டம் பொருந்தாது. பெண் பிள்ளைகள் கல்லூரிக்கே போகட்டும் என்பது அரசின் எண்ணமாக இருக்கலாம். அது நியாயமும்கூட. ஆனால் இரண்டு பேரில் யாருக்கு அதிகம் வழியில்லையோ அவள் கையிலிருந்து கட்டுகிறாள் என்பதும் உண்மைதானே?

சேரும்போதே வரும் ஒரு தொல்லையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். சென்னையிலும் டெல்லியிலும் இருந்துகொண்டு விதி போடுபவர்களுக்கு இது தெரிந்திருக்காது. 2024-லிருந்து தொலைநிலையில் சேர 'டெப் ஐடி' என்று, பல்கலைக்கழக மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு தரும் ஒரு எண் கட்டாயம். அதற்கு முன்னால், மாணவர் வாங்கும் கிரெடிட்களைச் சேர்த்துவைக்கும் கணக்கின் எண்ணான 'ஏபிசி ஐடி' வேண்டும். அது ஆதாரோடு இணைந்தது. போலி மையங்கள் ஒழிய வேண்டும் என்பதற்காகக் கொண்டுவந்தார்கள், நோக்கத்தில் குறையில்லை. போன பருவத்தில் கடலைமிட்டாய் கம்பெனியில் பாக்கெட் போடும் ஒரு பெண் வந்தாள். பிளஸ் டூ மார்க் ஷீட்டில் அப்பா இனிஷியலோடு பெயர். கல்யாணத்துக்குப் பிறகு திருத்திய ஆதாரில் வீட்டுக்காரர் பெயர் முழுசாகப் பின்னால் ஒட்டியிருக்கிறது. இணையதளம் இவளும் அவளும் வேறு வேறு ஆள் என்கிறது. அது போகட்டும், ஓடிபி போக வேண்டிய நம்பர் வீட்டுக்காரருடையது. அவர் லாரியில் நாக்பூர் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார். போன் போட்டால் எடுக்கவில்லை. எடுத்து, அவர் நம்பரைப் படித்துச் சொல்வதற்குள் பத்து நிமிடம் முடிந்து ஓடிபி செத்துவிட்டது. மறுபடி அனுப்பு, மறுபடி கூப்பிடு. கடைசியில் ஆதார் மையத்துக்குப் போய் நம்பரை மாற்று, பெயரைத் திருத்து, சில நாள் கழித்து வா என்று ஆனது. அவள் வந்தாள், அதற்குள் கடைசித் தேதி முடியவில்லை. இதே காரணத்தால் திரும்பிப் போய், அப்புறம் வராமலே இருந்துவிட்ட பெண்களும் உண்டு. இனிஷியல் என்ற ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது, கல்யாணமானால் அது மாறும் என்பதை அந்த இணையதளத்தில் யாராவது சேர்த்துவைத்தால் புண்ணியமாகப் போகும்.

இந்த இடத்தில்தான் தரகர்கள் நுழைகிறார்கள். 'எங்ககிட்ட விட்டுடுங்க, எல்லாம் நாங்க பாத்துக்கிறோம், ஒரே வருஷத்துல டிகிரி' என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும். மூன்று வருடப் பட்டத்தை ஒரே வருடத்தில் கொடுக்கச் சட்டத்தில் வழியே கிடையாது. வேற்று மாநிலப் பெயரில் ஒரு பல்கலைக்கழகம், அழகான அட்டையில் ஒரு சான்றிதழ். எனக்குத் தெரிந்த ஒரு தம்பி அப்படி ஒரு இடத்தில் பணம் கட்டி வாங்கிய சான்றிதழை, வெளிநாட்டு வேலைக்குச் சரிபார்ப்புக்கு அனுப்பியபோதுதான் அந்தப் பதிவு எண்ணே இல்லை என்று தெரிந்தது. விசாவும் போயிற்று, கட்டிய பணமும் போயிற்று.

தரகர்தான் ஏமாற்றுகிறார் என்றால் அவரை விட்டு விலகி இருக்கலாம். முறையாகச் சேர்ந்தவர்களையும் கைவிட்ட வரலாறு இருக்கிறது. முதல் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் நேரடியாக எம்.ஏ. படிக்கலாம் என்று பல்கலைக்கழகங்களே அழைத்துச் சேர்த்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில் 2009-ல் உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட பட்டம் செல்லாது என்றது. அதற்குப் பிறகு பதவி உயர்வு என்ற பேச்சு வரும்போதெல்லாம் அந்தத் தீர்ப்பும் கூடவே வந்து நின்றது. 2017 நவம்பரில் இன்னொரு தீர்ப்பு: சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் முறையான அனுமதியில்லாமல் தொலைநிலையில் நடத்திய பொறியியல் படிப்பு பற்றியது. 2001-லிருந்து 2005 வரை சேர்ந்தவர்கள் தனியாக ஒரு தேர்வு எழுதித் தேறினால்தான் பட்டம் நிற்கும் என்றது. அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் ரத்தாயின. நீதிமன்றத்தைக் குறை சொல்லவில்லை, தரம் இல்லாத பட்டத்தைத் தட்டிக் கேட்க வேண்டியதுதான். ஆனால் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துச் சேர வேண்டியது யார் வேலை? பத்தாம் வகுப்பு முடித்து பேக்டரியில் வேலை பார்த்தவர், பல்கலைக்கழகத்துக்கும் மானியக் குழுவுக்கும் நடக்கும் கடிதப் போக்குவரத்தையா படித்துப் பார்க்க முடியும்?

இப்போதும் அப்படித்தான். உளவியல், நுண்ணுயிரியல், உணவும் ஊட்டச்சத்தும் போன்ற பாடங்களை 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைநிலையில் நடத்தக்கூடாது என்று மானியக் குழு சொல்லிவிட்டது. மருத்துவம் சார்ந்த படிப்பை வீட்டிலிருந்து படிக்க விடக்கூடாது என்பது காரணம். இருக்கட்டும். பி.எஸ்சி. உளவியல் கேட்டுப் பணத்தோடு வந்தவர்களிடம் அந்தச் செய்தியைச் சொன்னது நான்தான், எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை.

ஆசிரியர் ஐயா, கட்டுரை சொல்லாத முக்கியமான விஷயத்துக்கு இப்போது வருகிறேன். பல்கலைக்கழகங்களுக்கு நாங்கள் பல வருடங்களாகக் கறவை மாடு. நேரடி வகுப்பு நடத்தும் துறைகளில் வரவைவிடச் செலவு அதிகம். தொலைநிலைப் பிரிவில் செலவைவிட வரவு அதிகம். ஒரு காலத்தில் வெளிமாநிலங்களிலும் மையம் திறந்து வசூலித்தார்கள். மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லைக்குள்தான் நடத்த வேண்டும் என்ற விதி இறுகியதும் அந்த வரவு சுருங்கியது. மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் சம்பளமும் ஓய்வூதியமும் தடைபட்ட செய்திகள் வந்தபோது, தொலைநிலை வருமானம் குறைந்ததையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். அதைப் படித்தபோது என் மனதில் ஓடியது ஒன்றுதான்: தீப்பெட்டி ஆபீஸ் பெண் கட்டிய பணம் பேராசிரியர் சம்பளத்துக்குப் போயிருக்கிறது, அவளுக்குப் பாடம் நடத்தப் போகவில்லை.

போயிருந்தால் பாடப் புத்தகத்தில் தெரிந்திருக்குமே. ஜிஎஸ்டி வந்தது 2017 ஜூலையில். அதற்கு வருடங்கள் கழித்தும் வரிச் சட்டப் பாடத்தில் விற்பனை வரியை விளக்கும் புத்தகத்தோடு ஒரு பையன் என்னிடம் வந்தான். 'அக்கா, இதைப் படிச்சா பாஸாவேனா?' என்றான். கடையில் தினமும் ஜிஎஸ்டி பில் போடுகிறவள் நான், அவனுக்கு நானே உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். நேர்முக வகுப்பு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவார்கள். ஐந்து யூனிட்டையும் ஒருவர் மதியத்துக்குள் நடத்தி முடித்துவிட்டு, 'முக்கியமான கேள்விகளைக் குறித்துக்கொள்ளுங்கள்' என்பார். சந்தேகம் கேட்க ஒரு நம்பர் கொடுத்திருப்பார்கள். அடித்துப் பாருங்கள்.

இப்படி விட்டால் என்ன நடக்கும்? முதல் வருடம் ஆர்வமாகச் சேருவார்கள். இரண்டு அரியர் விழும். ரிசல்ட் தள்ளித் தள்ளி வரும், அதற்குள் அடுத்த பருவப் பணம் கட்டும் தேதி வந்துவிடும். பிள்ளைக்குக் காய்ச்சல், முதலாளி லீவு தரவில்லை, ஒரு பரீட்சை போய்விடும். அப்புறம் வரமாட்டார்கள். ஒரு வருடம் கழித்து வேறு எதற்கோ கடைக்கு வருவார்கள், 'படிப்பு என்னாச்சு?' என்று நானும் கேட்பதில்லை.

அதனால்தான் மலிவு என்று சொல்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆன செலவை எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதால் வகுத்துப் பார்த்தால் மலிவாகத்தான் இருக்கும். எத்தனை பேர் பட்டம் வாங்கினார்கள் என்பதால் வகுத்துப் பாருங்கள். பத்துப் பேர் சேர்ந்து மூன்று பேர் முடித்தால், பாதியில் போன ஏழு பேருடைய பணமும் அந்த மூன்று பட்டங்களின் விலையில் சேர்கிறது. (இது சும்மா உதாரணத்துக்குச் சொன்னது.) பாடத்தைப் புதுப்பிக்கவும் வகுப்பு எடுக்கவும் செலவழிக்காமல் மிச்சம் பிடித்த காசு, உண்மையில் மிச்சமே இல்லை. அந்த ஏழு பேருடைய தலையில் ஏற்றிவிட்டார்கள், அவ்வளவுதான்.

'தரத்தைக் கூட்டினால் கட்டணமும் கூடுமே' என்று சொல்வார்கள். கூட வேண்டியதில்லை. வசூலிக்கும் கட்டணத்தில் ஒரு பங்கை வேறு எதற்கும் எடுக்கக்கூடாது என்று ஒதுக்கினாலே போதும். எங்கள் ஊரிலேயே கல்லூரிகள் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கின்றன. அங்கே வகுப்பு எடுக்கக் கௌரவ விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். நியாயமான தொகை கொடுத்தால் ஞாயிறு வரமாட்டார்களா? பரீட்சையையும் அங்கேயே வைத்தால் நைட் ஷிப்ட் பார்த்தவர் வீட்டில் குளித்துவிட்டு வந்து எழுதிவிட்டுப் போவார். மானியக் குழு 2022 செப்டம்பரிலேயே தொலைநிலைப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்று சொல்லிவிட்டது. பட்டம் சமம் என்றால் பட்டத்துக்குப் படிப்பவருக்குச் செய்வதும் ஓரளவுக்காவது சமமாக வேண்டாமா? புதுமைப்பெண் ஆயிரம் தராவிட்டாலும் போகட்டும், அரசுப் பள்ளியில் படித்து வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் பெண்ணுக்குத் தேர்வுக் கட்டணத்தையாவது விட்டுக்கொடுக்கலாம்.

இதெல்லாம் நாளைக்கே நடக்காது என்று எனக்கும் தெரியும். காசே செலவில்லாமல் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பருவமும் 'சேர்க்கை நடைபெறுகிறது' என்று தங்கள் நாளிதழில்கூடப் பெரிதாக விளம்பரம் வருகிறது. துணைவேந்தர் படம் இருக்கும், எத்தனை பாடப்பிரிவு என்று இருக்கும், பட்டமளிப்பு விழாக் கவுன் போட்ட ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். அதற்குக் கீழே ஒரு வரி போடட்டும்: இந்தப் படிப்பில் மூன்று வருடத்துக்கு முன் சேர்ந்தவர்கள் இத்தனை பேர், இந்த வருடம் பட்டம் வாங்கியவர்கள் இத்தனை பேர். பல்கலைக்கழகம் போடவில்லையென்றால், அந்த வரி இல்லாத விளம்பரத்தை வாங்க மாட்டோம் என்று தாங்கள் சொல்லிப் பாருங்கள். ஜனவரிச் சேர்க்கை விளம்பரம் வருவதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோவில்பட்டி.